தேடுகிற இடம் தப்பு

சூப்பர் சிங்கரோ சரிகமபவோ, ஒரு சீசன் முடிந்து கோப்பையைக் கையில் கொடுத்த மறுநாளே அந்தக் கேள்வி கிளம்பிவிடும். "சரி, போன தடவை ஜெயிச்சவர் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்?" டீக்கடையில் நக்கலாகக் கேட்கப்படுவது பத்திரிகைக்கு வரும்போது சமூக அக்கறையாகிவிடுகிறது. தொலைக்காட்சிப் போட்டிகள் பாடகர்களை உருவாக்குவதில்லை, நாலு மாதத்துக்கு ஆளைத் தூக்கிவைத்துக் கொண்டாடிவிட்டு அடுத்த சீசன் வந்ததும் கீழே போட்டுவிடுகின்றன என்கிறார்கள். இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் எண்ணிக்கை. விஜய் டிவியில் 2006-ல் தொடங்கிய சூப்பர் சிங்கர் பத்து சீசனைத் தாண்டிவிட்டது, சிறுவர் சீசன்கள் தனிக்கணக்கு. இத்தனை பேர் பாடிவிட்டுப் போனார்களே, அவர்களில் எத்தனை பேரின் பெயர் சினிமாப் பாட்டில் அடிபடுகிறது? விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே மற்றவர்களெல்லாம் காணாமல் போனவர்கள்.

கணக்கைப் போட்டவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் தேடினார்கள். பாடகர் என்றால் சினிமாவில் பாடுகிறவர், சினிமாவில் பாடாதவர் பாடகரே இல்லை என்ற நினைப்பு நம் ஊரில் ஊறிப்போன ஒன்று. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு யாரை அளந்தாலும் பெரும்பாலானவர்கள் குட்டையாகத்தான் தெரிவார்கள்.

அந்த அளவுகோலை வைத்தே பார்த்தாலும் கணக்கு முழுதாக உதைக்கத்தான் செய்கிறது. சூப்பர் சிங்கர் மூன்றாம் சீசனில் பட்டம் வென்றவர் சாய்சரண். அதே சீசனின் கடைசிக் கட்டம் வரை வந்த சத்யபிரகாஷும் பூஜாவும் 2017-ல் மெர்சல் படத்தின் ‘ஆளப்போறான் தமிழன்’ பாட்டில் கைலாஷ் கேருடன் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ரஹ்மான் இசையில் ‘ராசாலி’ பாடியதும் அதே சத்யபிரகாஷ்தான். இன்னும் பின்னால் போனால், சன் டிவியின் சப்தஸ்வரங்கள் மேடையில் பாடிய ஒரு பள்ளி மாணவியைப் பாடகர் ஸ்ரீனிவாஸ் ரஹ்மானிடம் அறிமுகப்படுத்தினார். அந்த மாணவி சின்மயி. 2002-ல் வந்த கன்னத்தில் முத்தமிட்டால் அவரை எங்கே கொண்டுபோய் வைத்தது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இப்படிப் பெயர்களை அடுக்கி வாதத்தை ஜெயிப்பது எதிராளியின் ஆட்டத்தை எதிராளியின் விதிப்படி ஆடுவதாகும். விதியே தப்பு என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம்.

காணாமல் போனதாகச் சொல்லப்படுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பங்குனி, சித்திரையில் தென்மாவட்டத்து ஊர் ஒன்றின் அம்மன் கோயில் பக்கம் போனால் தெரியும். விழாக் கமிட்டியார் படங்கள், பந்தல் உபயம், அன்னதான உபயம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஃப்ளெக்ஸில் ஒரு முகம் பெரிதாக இருக்கும், மேலே ‘சூப்பர் சிங்கர் புகழ்’ என்று போட்டிருக்கும். அவர் எந்தச் சீசன், எத்தனையாவது வாரம் வெளியேறினார் என்று கமிட்டிக்காரர்கள் விசாரிப்பதில்லை. அவர் வந்தால் பக்கத்து ஊர்க் கூட்டமும் சேர்ந்து வரும், அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். கோயில் கொடை முடிந்தால் முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்பு. ஜனவரி முதல் மார்ச் வரை கல்லூரி விழாக்கள். ஆடியில் மறுபடி அம்மன். கார்த்திகையில் ஐயப்பன் பூஜை. ஜூலையில் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா, ஆகஸ்ட் கடைசியில் டொராண்டோ ஸ்கார்பரோவில் தமிழர் தெருவிழா, நடுநடுவே சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன், பாரிஸ். இந்தப் பஞ்சாங்கம் தெரியாமல் தமிழ்ப் பாடகர்களின் பிழைப்பைப் பற்றி எழுதுவது சிரமம்.

அந்தக் கோயில் மேடையையே கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முதலில் பிள்ளையார் பாட்டு, அடுத்தது அந்த ஊர் அம்மன் மேல் ஒரு பாட்டு. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் வரத் தொடங்கிவிடும். ஒன்றில் டி.எம்.எஸ். பாட்டு, ஒன்றில் போன மாதம் வந்த குத்துப்பாட்டு, ஒன்றில் ஊர்த்தலைவரின் பேத்திக்குப் பிறந்தநாள் என்ற தகவல். ஒரு பெரியவர் மேடையேறி ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் போவார். அந்த நேரம் பாடகர் சரணத்தின் நடுவில் இருப்பார், சிரிக்கவும் வேண்டும், சுருதியையும் விடக்கூடாது. மானிட்டர் ஸ்பீக்கர் பாதியில் வேலை செய்யாது. தன் குரல் தன் காதில் விழாமலே இரண்டு பாட்டை ஓட்டியாக வேண்டும். அந்தப் பக்கம் காவல் ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று மாநில அரசு நள்ளிரவு வரை விலக்குத் தரலாம், அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மேல் போகக்கூடாது. விடிய விடியக் கச்சேரி என்பதெல்லாம் பழங்கதை. ஆறு மணி நேரத்தில் சேர்த்துவைத்த கைத்தட்டலை மூன்று மணி நேரத்துக்குள் வாங்கியாக வேண்டும்.

இதையெல்லாம் ஆண்டுக்கணக்காகச் செய்கிற ஒருவரைக் காணாமல் போனவர் என்று சொல்ல, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பாட்டுப் பட்டியலை மட்டும் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

சினிமாவில் பாடுவது என்றால் என்ன என்பதைப் பற்றியும் வெளியே நிறைய மயக்கம் இருக்கிறது. ஒரு அழைப்பு வரும், ஸ்டூடியோவுக்குப் போய்ச் சில மணி நேரம் பாடிவிட்டு வர வேண்டும். ஒரே பாட்டை இரண்டு மூன்று பேரைப் பாட வைத்துக் கேட்டுப் பார்ப்பது இன்று சகஜம். யார் குரல் நின்றது என்று பாட்டு வெளியான பிறகே சிலருக்குத் தெரியும். சம்பளம் ஒரு தடவை. அந்தப் பாட்டு எத்தனை கோடித் தடவை கேட்கப்பட்டாலும் பாடியவருக்குப் பங்கு உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொன்னதே 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான். அதை வசூலிக்க இந்தியப் பாடகர்கள் உரிமைச் சங்கம் பிறந்தது 2013-ல். அதுவரை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பின்னணிப் பாடகர்கள் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள்? மேடையில்தான். ஹிட்டான சினிமாப் பாட்டு அவர்களுக்கு விசிட்டிங் கார்டு. அதைக் காட்டி மேடை பிடித்தார்கள். மேடையிலிருந்து சினிமாவுக்குப் போவதே உயர்வு, சினிமாவிலிருந்து மேடைக்கு வருவது சறுக்கல் என்கிற ஏணிப் படம் ரசிகர்கள் மனதில் மட்டும்தான் இருக்கிறது, தொழிலில் கிடையாது.

நாட்டுப்புறப் பாடகர்கள் செந்தில் கணேஷ், ராஜலட்சுமி கதையை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். 2018-ல் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசன் பட்டம் செந்தில் கணேஷுக்குப் போனபோது எழுந்த சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. கிராமியப் பாட்டைத் தவிர வேறு பாடாதவருக்குப் பட்டமா, மெலடி பாடத் தெரிந்தவர்கள் என்ன ஆவது என்று சண்டை நடந்தது. நாட்டுப்புறப் பாட்டு நாலு நாளைக்குத்தான் எடுபடும் என்றும் ஆரூடம் சொன்னார்கள். நடந்தது வேறு. சார்லி சாப்ளின் 2 படத்தில் இருவரும் பாடிய ‘சின்ன மச்சான்’ பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. விஸ்வாசத்தில் டி.இமான் இசையில் ‘டங்கா டங்கா’ வந்தது. 2021-ல் புஷ்பா படத் தமிழ்ப் பதிப்பில் ‘சாமி சாமி’ ராஜலட்சுமி குரலில் வந்தது. ஆனால் இவர்கள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் இந்த மூன்று பாட்டுகள் என்று நினைத்தால் மறுபடியும் அதே தப்பைச் செய்தவர்களாவோம். டிவிக்கு வருவதற்கு முன்பே இருவரும் கிராமத்து மேடைகளில் பாடிப் பழகியவர்கள். கேட்கிறவர்கள் எங்கே சிரிப்பார்கள், எங்கே எழுந்து ஆடுவார்கள் என்று கேமரா பார்க்காத காலத்திலேயே தெரிந்துகொண்டவர்கள். டிவி அவர்களுக்குப் பாடக் கற்றுக்கொடுக்கவில்லை. மாவட்டத்துக்குள் இருந்த பெயரை நாடுகடந்து கொண்டுபோனது. போட்டி செய்யக்கூடிய வேலை அவ்வளவுதான், அதுவே பெரிய வேலை.

போட்டி, மேடை, சினிமா, மீண்டும் மேடை என்ற இந்த வட்டம் தொலைக்காட்சி கண்டுபிடித்ததும் இல்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 1960-களில் சென்னையில் ஒரு தெலுங்கு அமைப்பு நடத்திய பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். அவருடைய திறமையைக் கண்டுகொண்ட எஸ்.பி.கோதண்டபாணிதான் 1966 டிசம்பரில் அவரை முதல் திரைப்பாட்டைப் பாடவைத்தார். அந்தக் காலத்திலேயே அவருக்கென்று ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதில் இளையராஜாவும் கங்கை அமரனும் வாசித்தார்கள். ஆயிரக்கணக்கில் பாட்டுப் பாடி, வாங்க வேண்டிய விருதெல்லாம் வாங்கி முடித்து, எழுபது வயதில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? திரையுலகில் ஐம்பது ஆண்டு நிறைந்ததையொட்டி நாடு நாடாகப் போய் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். 2017 மார்ச்சில் இளையராஜா தரப்பிலிருந்து, தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று அவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தபோது அவர் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். மேடை பொருட்படுத்தத்தக்க இடமாக இல்லாவிட்டால் அங்கே உரிமைப் பிரச்சினையே வந்திருக்காது. அதே எஸ்.பி.பி. 1996-ல் தெலுங்குத் தொலைக்காட்சியில் பாடுதா தீயகா என்ற போட்டியைத் தொடங்கி ஆண்டுக்கணக்காக நடத்தியவர் என்பதையும், போட்டிகளை ஏளனம் செய்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பின் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. அரிஜித் சிங். 2005-ல் சோனி டிவியின் ஃபேம் குருகுல் போட்டியில் தோற்று வெளியேறியவர். ஜெயித்தவர்களை இன்று யாருக்கும் நினைவில்லை. தோற்றவர் நாட்டின் முதல் பாடகர் ஆனார். பார்த்தீர்களா, போட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்கிறார்கள். 2005-க்கும், ஆஷிக்கி 2 வந்த 2013-க்கும் நடுவில் எட்டு வருடம் இருக்கிறது. அந்த எட்டு வருடத்தில் அவர் இன்னொரு போட்டியில் ஜெயித்தார். அந்தப் பரிசுப் பணத்தில் பதிவுக்கான கருவிகளை வாங்கி மும்பையில் குடியேறினார். ப்ரீதம் போன்ற இசையமைப்பாளர்களிடம் உதவியாளராகப் புரோகிராமிங் செய்தார். போட்டி பயனற்றது என்பதற்கு இவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், சாட்சி நம் தரப்புக்குப் பேசிவிட்டுப் போவார். 2025-ல் லண்டன் டாட்டன்ஹாம் கால்பந்து அரங்கை நிரப்பியவர் அவர். சினிமாவில் உச்சிக்குப் போனவரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் எது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ஆனந்த் அரவிந்தாக்ஷன் விவகாரம். 2016-ல் சூப்பர் சிங்கர் ஐந்தாவது சீசனை அவர் வென்றதும், ஏற்கெனவே படங்களில் பாடியவரை எப்படிச் சேர்க்கலாம் என்று பெரிய கூச்சல் எழுந்தது. பார்வையாளருக்கு அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பது நியாயமான கோபம்தான். ஆனால் கோபப்பட்டவர்கள் அந்தச் செய்திக்குள் இருந்த செய்தியைப் படிக்கவில்லை. படங்களில் பாடிய ஒருவர் ஏன் மறுபடி வரிசையில் நின்று, நடுவர்கள் முன்னால் வாராவாரம் பரீட்சை எழுத வேண்டும்? படத்தில் பாடியதால் அவர் முகம் யாருக்கும் தெரிந்துவிடவில்லை. குரலுக்கு முகம் கொடுக்கிற வேலையைச் சினிமா எப்போதோ நிறுத்திவிட்டது. இன்று அதைச் செய்வது டிவியும் யூடியூபும்தான். ஏழாவது சீசனில் பட்டம் வாங்காத சிவாங்கியைச் சமையல் நிகழ்ச்சி ஒன்றின் சிரிப்பு வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. அந்த முகம்தான் அவருக்கு மேடைகளையும் கொண்டுவந்தது. இது சங்கீதத்துக்கு அவமானம் என்று நினைப்பவர்கள் கே.பி.சுந்தராம்பாளையும் எம்.கே.தியாகராஜ பாகவதரையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். நாடகமும் நடிப்பும் இல்லாமல் அவர்கள் குரல் இத்தனை தூரம் போயிருக்குமா?

இன்னொரு குற்றச்சாட்டு, போட்டியில் பாடுகிறவர்கள் அடுத்தவர் பாட்டைத்தானே பாடுகிறார்கள், அசல் போலவே பாடுவதெல்லாம் ஒரு கலையா என்பது. டிசம்பரில் மியூசிக் அகாடமி வாசலில் நின்று இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். உள்ளே பாடுகிற வித்வான் இருநூறு வருடத்துக்கு முன்னால் தியாகராஜர் செய்த கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருப்பார். அங்கே அது பாரம்பரியம், இங்கே நகல். மெல்லிசை மேடையில் ஜானகி பாட்டை அந்த மூச்சு, அந்தக் குழைவோடு முழுசாகப் பாடி இறக்குவது என்ன பாடு என்பது கீபோர்டு வாசிக்கிறவரைக் கேட்டால் சொல்வார். சொந்தப் பாட்டு வேண்டும் என்கிறவர்களுக்கும் ஆள் இருக்கிறது. சிறுவர் சீசனில் வளர்ந்த ஸ்ரீநிஷா ஜெயசீலன், சிங்கப்பூர் இசையமைப்பாளர் ஸ்டீபன் சக்கரியாவுக்காகப் பாடிய ‘அடி பெண்ணே’ எந்தத் திரைப்படத்திலும் வந்ததில்லை. அதைக் கேட்காத கல்லூரி விடுதி இருக்குமா என்பது சந்தேகம்.

இவ்வளவு சொன்ன பிறகு, போட்டிகளின் மேல் குறையே இல்லை என்று சாதிப்பது நேர்மையாக இருக்காது. அழுகையைப் பிழிந்து எடுக்கிற பின்னணிக் கதைகள், ஓட்டுக் கணக்கில் தெளிவில்லாமை, பெரியவர்களின் காதல் பாட்டை எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுப்பது எல்லாம் குறைதான். பையன்கள் விஷயம் இன்னும் மோசம். பன்னிரண்டு வயதில் நாடே கொண்டாடிய குரல் பதினாலில் உடைகிறது. பெண் குழந்தையின் குரல் முதிர்ந்து வளரும்போது பையன் வேறொரு குரலைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்லி, அந்த இரண்டு மூன்று வருடத்துக்கு என்ன செய்வது என்று வழிகாட்டுகிற ஏற்பாடு எந்தச் சேனலிலும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பெரியவர்கள் தடுக்கி விழுகிற இடம் வேறு. போட்டியில் வாரத்துக்கு ஒரு பாட்டு. குரல் பயிற்சியாளர் கூடவே இருந்து திருத்துவார், வாத்தியக் குழு ஒத்திகைக்குக் காத்திருக்கும், ஒளிபரப்புக்கு முன் ஒலியைச் சரிசெய்வார்கள். நான்கு நிமிடத்தில் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிடலாம். வெளி மேடையில் ஒரே இரவில் இருபது பாட்டு, மறுநாள் இன்னொரு ஊரில் இன்னும் இருபது. முதல் பாட்டிலேயே தொண்டையைக் கொட்டிவிட்டவர் பத்தாவது பாட்டில் கரகரக்கிறார். நடுவர் பாராட்டுக்காகச் சங்கதிகளை அடுக்கிப் பழகியவர், எல்லோரும் கூடப் பாட நினைக்கிற இடத்தில் தனியாக எங்கோ போய்விடுகிறார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் என்ன பேசுவது என்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார். டிவியால் கிடைத்த முதல் வருட மேடைகளை இப்படி வீணாக்கிய சிலருக்கு இரண்டாம் வருடம் அழைப்பு வருவதில்லை. அதைப் பார்த்துத்தான் போட்டி ஆளைக் கைவிட்டது என்கிறார்கள். போட்டி அவர்களை மேடை வரை கொண்டுவந்து விட்டது. மேடைத் தொழிலைக் கற்றுக்கொள்வது பாக்கியிருந்தது. லைட் மியூசிக் குழுக்களில் கோரஸ் பாடி, மூத்த பாடகர் வராத நாளில் அவர் பாட்டை ஏற்றுப் பாடி வளர்ந்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை.

2023 டிசம்பரில் ஜீ தமிழின் சிறுவர் சரிகமபவில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா பட்டம் வென்றபோது, அங்கே பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். அந்தச் சந்தோஷம் சினிமாவில் பாட வாய்ப்புக் கிடைக்கும் என்பதற்காக வந்ததாகத் தெரியவில்லை. தங்கள் ஊர்க் குரல் ஒன்று எல்லா நாட்டுத் தமிழர்கள் காதிலும் விழுந்தது, அதற்காக. அந்தக் குழந்தைக்கு இன்று இருப்பது சென்னை ஸ்டூடியோ ஒன்றின் கதவு மட்டுமல்ல. லண்டனிலும் டொராண்டோவிலும் சூரிச்சிலும் ஈழத்தமிழர் நடத்துகிற விழாக்கள் ஒவ்வொன்றும் ஒரு மேடைதான்.

மேடைப் பாடகர்களின் எதிர்காலத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர்கள் அடுத்த சீசனைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வாசித்த இடத்தில் இப்போது ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், மீதி எல்லாம் லேப்டாப்பிலிருந்து வருகிற டிராக். கல்யாண வீட்டில் டிஜே போதும் என்கிறார்கள். அட்வான்ஸ் கொடுத்த விழாக் கமிட்டி, கச்சேரி முடிந்ததும் மீதிப் பணத்துக்கு நாளைக்கு வரச் சொல்கிறது. 2020-ல் ஊரடங்கு வந்து மேடைகள் பல மாதம் மூடிக் கிடந்தபோது மாதச் சம்பளமோ சேமநிதியோ இல்லாத இந்தத் தொழிலில் எத்தனை தபேலாக்காரர்கள் வேறு வேலைக்குப் போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.